இடது பக்கத்துக் குரல்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் தம்பி உயிரோடுதான் இருக்கிறார். பதினொரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தால் முதலில் அந்தப் பயம்தான் வரும், அதனால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் படுக்கையில் இருக்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஏணி சரிந்தது. முதுகெலும்பு. சாய்ந்து உட்காருவார், கை இரண்டும் நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாகவே இருக்கிறது. இடுப்புக்குக் கீழேதான் இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

எனக்கு என்ன வேலை என்று உங்களுக்கு நினைவிருக்கும். கம்பெனிகளில் விபத்து, திருட்டு என்று ஏதாவது நடந்தால் எங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு விசாரணை அதிகாரி போவார். கேள்வியும் பதிலும் கேசட்டில் பதிவாகி வரும். நான் ஹெட்போனில் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை டைப் அடிப்பேன். பதிமூன்று வருஷமாக இதுதான்.

அண்ணி, எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இடது காது ஏறக்குறைய இல்லை. வலதும் மங்குகிறது. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். காதில் மாட்டும் கருவியை வைத்தால் ஹெட்போனுக்குள் அது விசில் அடிக்குமாம், டாக்டர் சொன்னார். அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும். டேப் மெஷினில் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகியாகிவிட்டது. மார்ச் 9-ஆம் தேதி எல்லா டைப்பிஸ்டுக்கும் பரீட்சை வைக்கிறார்கள். புதிய மேலாளர் வந்திருக்கிறார். தேறாதவர்களை அனுப்பிவிடுவார்.

ஹெட்போனுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டித் தருகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டாமே. உங்கள் பழைய ஸ்டீரியோ எங்கள் பரணில்தான் இருக்கிறது. அதிலிருந்து பாகங்களை எடுத்து அப்படி ஒன்று செய்ய முடியுமா? எது எதை எடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதினால் நானே செய்துகொள்வேன்.

அந்த ஸ்டீரியோவைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

தம்பி மனைவி


பிப்ரவரி 9

தம்பி மனைவிக்கு,

உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிற பொறுமை எனக்குக் கிடையாது. பிரித்துப் படித்துவிட்டுத்தான் கோபப்படுவேன்.

அந்த ஸ்டீரியோ நான் குப்பையிலிருந்து பொறுக்கியது. கேசட் டெக்கை ஒரு இடத்தில், ஆம்ப்ளிஃபையரை இன்னொரு இடத்தில், ரேடியோவை வேறெங்கோ என்று பொறுக்கி, ஒன்றாக உட்கார வைத்துப் பாட வைத்தேன். வண்டி பிடித்துக்கொண்டு அதை எடுக்க வந்த அன்று உன் வீட்டுக்காரன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். "ரேடியோ நோண்டுற பொம்பளைக்குப் பாட்டு ஒரு கேடா"ன்னு ஜன்னல் வழியாகச் சொன்னான். வண்டிக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்கு இந்த ஊரில் டிகிரி வாங்கினவனெல்லாம் டிவியைத் தூக்கிக்கொண்டு என் கடைப் படியில் நிற்கிறான். பேத்திக்கும் சால்டரிங் கற்றுக்கொடுத்தாச்சு. அதை அவனிடம் சொல். வேண்டாம், சொல்லாதே. முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுது.

இனி காரியம். பெட்டியைக் கரண்டில் மாட்டாதே. இத்தனை வருஷம் சும்மா கிடந்ததால் உள்ளே இருக்கிற பெரிய கண்டென்சர்கள் காலியாக இருக்கும். யாராவது வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒரு தடவை பிளக் போட்டுவிட்டால் போச்சு, பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் கரண்ட் நிற்கும்.

டெக்கின் மூடியைக் கழற்று. ஹெட்போன் குத்துகிற ஓட்டைக்குப் பின்னால் சின்னப் பலகை ஒன்று இருக்கும். அதில் எட்டுக் கால் உள்ள கறுப்புப் பூச்சி மாதிரி இரண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு ஐசி என்று பேர். ஒன்று போதும், இன்னொன்று கையிருப்புக்கு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வால்யூம் குமிழை வேரோடு எடு, அடியில் ஆறு கால் இருக்கும். ஹெட்போன் ஓட்டையையும் எடு. பழுப்பு, கறுப்பு, சிவப்பு கோடு போட்ட ரெசிஸ்டர் நாலு. கரண்டு வேண்டாம், சதுர பேட்டரி இரண்டு வைத்துக்கொள். தகர பிஸ்கட் டப்பாவுக்குள் எல்லாவற்றையும் வை, பிளாஸ்டிக் வைத்தால் கொர்ர் என்று இரையும்.

எந்தக் கால் எதோடு என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். ஐசியின் தலையில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பேட்டரி மாட்டினால் சுட்டுவிடும். மூன்று தடவை பார்.

உன் நாத்தனார்


பிப்ரவரி 16

அண்ணிக்கு,

நீங்கள் எழுதிய எல்லாமே நடந்துவிட்டது, செய்யக் கூடாது என்று எழுதியதும்கூட.

பக்கத்து வீட்டுக்காரர் பரணிலிருந்து மூன்று பெட்டியையும் இறக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது உங்கள் தம்பி கையை நீட்டி ஸ்விட்ச் பலகையில் பிளக்கைச் செருகிப் பார்த்துவிட்டுப் பிடுங்கி வைத்திருக்கிறார். ஞாயிறு மதியம் நான் திருப்புளியை உள்ளே விட்டதும் பட்டென்று ஒரு பொறி. திருப்புளியின் நுனியே கருகிவிட்டது. எனக்குத் தோள் வரைக்கும் அடித்தது.

"எதுக்குங்க பிளக்கைப் போட்டீங்க?"

"ஓடுதான்னு பார்த்தேன். ஓடுது. அவ கை வச்சது ஓடாம இருக்குமா?"

இதை உங்களிடம் சொல்லலாமா என்று அவரைக் கேட்கவில்லை. நானாகவே எழுதிவிட்டேன்.

பிறகு அவரே டார்ச் பிடித்தார். சால்டரிங் கம்பியைப் பக்கத்து டிவி கடையில் இரவல் வாங்கினேன். முதல் ஐசியை நான் தலைகீழாக வைத்துவிட்டேன். மூன்று தடவை பார்த்தேன் அண்ணி, மூன்று தடவையும் தப்பாகவே பார்த்தேன். பேட்டரியை மாட்டினதும் விரல் வைக்க முடியாமல் சுட்டது. இப்போது மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதனால் அதை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதற்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் டேப்பில் இரண்டு மைக். அதிகாரியின் கேள்வி இடது காதில் வரும். பதில் சொல்கிறவர் குரல் வலது காதில் வரும். இடது மங்கத் தொடங்கியபோது ஹெட்போனைத் திருப்பி மாட்டிக் கேள்விகளைத் தனியாகக் கேட்டேன். ஒரு டேப்பை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறு டேப். முடியவில்லை. அதிகாரியிடம் அச்சடித்த கேள்வித்தாள் ஒன்று இருக்கும், எல்லா விசாரணையிலும் அதே பதினெட்டுக் கேள்வி, அதே வரிசை, கோப்பைப் பார்த்து நிரப்புகிற ஒன்றிரண்டு சொல்தான் மாறும். எனக்கு அது மனப்பாடம். அதனால் பதிலை மட்டும் கேட்டுவிட்டு, கேள்வியைத் தாளிலிருந்து அடிக்கப் பழகிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பரீட்சைக்குப் புது டேப் வைப்பார்கள். தாள் இருக்காது. இரண்டு பக்கத்துக் குரலும் என் வலது காதுக்கே வருகிற மாதிரி செய்ய முடியுமா?

தம்பி மனைவி


பிப்ரவரி 21

தம்பி மனைவிக்கு,

ஏம்மா, ஹெட்போனைத் திருப்பி மாட்டக் கை ஒடிந்துவிடுமா? கேட்காத கேள்வியைக் கேட்ட மாதிரி ஒரு வருஷமாக அடித்திருக்கிறாயே! என் கடையில் ஒரு ரெசிஸ்டரின் கலர் தெரியவில்லை என்றால் நான் சுமாராக ஒன்றைப் போட்டு மூடிவிடுவதில்லை.

சரி, திட்டியாச்சு.

இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடாதே. முறுக்கினால் ஒன்றையொன்று இழுத்து இரண்டும் கெடும். இடதுக்கு ஒரு ரெசிஸ்டர், வலதுக்கு ஒரு ரெசிஸ்டர், இரண்டின் மறுமுனையும் ஓரிடத்தில் சேரட்டும். சேர்ந்த இடத்திலிருந்து வால்யூமுக்குப் போ. நாலு எடுக்கச் சொன்னேனே, அதில் இரண்டு இதற்கு ஆகும்.

ஐசி பற்றி: வெட்டு உன் இடது கைப்பக்கம் இருக்கட்டும். அப்போது அதற்குக் கீழே, உன் பக்கமாக இருக்கிற முதல் கால்தான் ஒன்றாம் நம்பர். அங்கே உன் நகப்பூச்சால் ஒரு பொட்டு வை. பிறகு பொட்டை மட்டும் பார், வெட்டைப் பார்க்காதே. நகப்பூச்சு இல்லையென்றால் அவனுடைய பெயிண்ட் இருக்குமே.

டார்ச் நன்றாகப் பிடித்தானா? சின்ன வயதிலும் அவன்தான் எனக்கு டார்ச் பிடிப்பான். பிடித்தபடியே தூங்கிவிடுவான். அவன் முதுகைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை.

உன் நாத்தனார்


மார்ச் 2

அண்ணிக்கு,

அவர் முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரண்டு படுக்க வேண்டும். நான் வேலையில் இருக்கும்போது பக்கத்து வீட்டம்மா வந்து புரட்டிவிடுகிறார். மாறும் என்று டாக்டர் சொல்லவில்லை.

பெட்டி பேசுகிறது. பேட்டரி மாட்டினதும் புஸ் என்று ஒரு காற்று, பிறகு குரல். குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் தம்பி சொன்னார், "ஸ்பிரிட் விட்டு நாலு தடவை திருகு, அக்கா அப்படித்தான் பண்ணுவா" என்று. சரியாகிவிட்டது. என் ஒரு காதிலேயே இரண்டு பேரும் பேசுகிறார்கள். நான் அழுதுவிட்டேன். அவர் "என்ன, சுட்டுடுச்சா?" என்றார்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். முடிக்க விடவில்லை.

பழகிப் பார்ப்பதற்காக அலுவலகத்திலிருந்து ஒரு டேப் எடுத்துவந்தேன். முடிந்துபோன டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்துவதற்காக ஒரு பெட்டியில் போட்டிருப்பார்கள். அதில் மேலாக இருந்தது. நவம்பரில் நானே அடித்தது. ஒரு கிடங்கில் பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், சரக்கு அடுக்கும் தட்டில் இடித்து, இரும்புப் பெட்டிகள் சரிந்து ஒருவர் பாதம் நசுங்கியது. ஓட்டுநர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

நான் அடித்த நகலையும் கொண்டுவந்திருந்தேன். அதில் இப்படி இருக்கிறது.

ஆறாவது கேள்வி: விபத்து நடந்த அன்று கண்ணாடி அணியாமல் ஓட்டினீர்களா?
பதில்: ஆமா சார். மறந்து வச்சிட்டு வந்துட்டேன்.
ஏழாவது கேள்வி: அதை மேற்பார்வையாளரிடம் தெரிவித்தீர்களா?
பதில்: இல்ல சார்.

டேப்பில் இருப்பது இது.

"வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து எப்பவாவது ஒரு நாள் கண்ணாடி இல்லாம ஓட்டியிருக்கீங்களா?"
"ஆமா சார். மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."
"விபத்து நடந்த அன்னைக்கும் அப்படித்தானா?"
"இல்ல சார்."

தாளில் இல்லாத ஒரு கேள்வியை அதிகாரி நடுவில் கேட்டிருக்கிறார். அங்கேயிருந்து எல்லாப் பதிலும் ஒரு படி தள்ளி, தப்பான கேள்விக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஒரு பதில் மிச்சமானபோது, முந்தின பதிலின் தொடர்ச்சி என்று நினைத்துச் சேர்த்து அடித்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டுநர் கையெழுத்து இருக்கிறது. அதிகாரியின் கையெழுத்தும் இருக்கிறது. அவர்கள் இருவரும் தாளைப் பார்த்திருப்பார்கள், வாசித்திருக்க மாட்டார்கள். கீழே "தட்டச்சு செய்தவர்" என்ற இடத்தில் நான்.

டிசம்பரில் அவரை வேலையை விட்டு எடுத்தாயிற்று. கோப்பில் பார்த்தேன்.

அவர் எங்கே இருக்கிறார் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பில் போட்டோ ஒட்டியிருந்தது. என் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சிமெண்டுக் கடை. அங்கே மூட்டை இறக்குகிறார். தினமும் பார்க்கிற முகம்தான். கண்ணாடி போட்டிருக்கிறார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை அண்ணி.

தம்பி மனைவி


மார்ச் 6

தம்பி மனைவிக்கு,

ஒன்றும் செய்யாதே. டேப்பை அழி. எப்படியும் அழிக்கப்போகிற டேப்தானே, அவர்கள் கையால் அழிந்தால் என்ன, உன் கையால் அழிந்தால் என்ன?

கோபித்துக்கொள்ளாமல் படி. இதை நீ போய்ச் சொன்னால் உன்னை அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். அந்த ஓட்டுநருக்குக் கையும் காலும் இருக்கிறது, மூட்டை இறக்குகிறார். என் தம்பிக்கு என்ன இருக்கிறது? இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிவிட ஆள் வேண்டும் என்று நீதானே எழுதினாய். உனக்கு வேலை போனால் அவன் கதி என்ன?

பெட்டியைக் கட்டச் சொன்னது உன் வேலையைக் காப்பாற்ற. தொலைக்கிறதுக்கு இல்லை. இதற்காகவா என் டெக்கைக் குடைந்தாய்?

இனிமேல் ஒழுங்காகக் கேட்டு அடி. முடிந்தது முடிந்துபோகட்டும்.

உன் நாத்தனார்


மார்ச் 11

அண்ணிக்கு,

பரீட்சையில் தேறிவிட்டேன். எட்டுப் பேரில் என்னுடையதில்தான் ஒரு தப்புகூட இல்லையாம். மேலாளர் என் பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, சாப்பாட்டு நேரத்துக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டேப்பில் இரைச்சலைக் குறைக்க என்று சொன்னேன். "இந்த மாதிரி வேலையில அக்கறை இருக்கணும்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டேப்பை அழிக்கவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு தடவை மெஷினில் போட்டு, சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அமுக்கவில்லை. அதற்காக என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டுக் கடைக்குப் போகவும் இல்லை. பஸ் நிறுத்தத்தை மாற்றிக்கொண்டேன், முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா என்ன சொன்னா?"

"அழிச்சிடச் சொன்னாங்க."

"அப்ப அழிச்சிடு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. இதில்தான் ஒத்துப்போக வேண்டுமா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். காது கேட்காதபோது எனக்குத் தூக்கம் வந்தது. இப்போது கேட்கிறது. அந்த "இல்ல சார்" காலையில் பல் தேய்க்கும்போதே வந்துவிடுகிறது.

தம்பி மனைவி


மார்ச் 16

தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். அது என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று. மதியத்துக்குள் மூன்று பேருக்குச் சும்மா தலையை ஆட்டியிருக்கிறேன். ஒருத்தன் "ஸ்பீக்கரை மட்டும் மாத்துங்க, மத்ததைத் தொடாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். நான் தலையை ஆட்டிவிட்டு, செட் முழுவதையும் பிரித்துவிட்டேன். அவன் வந்து கத்தினபோதுதான் தெரிந்தது. தலையை ஆட்டும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. கேட்டது என்றே நினைத்தேன். நான், இத்தனை வருஷம் இந்தக் கடையை நடத்துகிறவள்.

போன கடிதத்தில் உன்னைத் திட்டினதை வாபஸ் வாங்க மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அழி என்று இன்னொரு தடவை எழுதப் பேனா வரவில்லை. போய்ச் சொல் என்று எழுதவும் வரவில்லை. என் தம்பியின் முகம் குறுக்கே வருகிறது.

பேட்டரி இரண்டையும் ஒன்றாக மாற்று. ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடாதே. குரல் உடையும்.

நாத்தனார்


மார்ச் 27

அண்ணிக்கு,

டேப்பையும் நகலையும் டாக்டரின் காதுச் சீட்டையும் ஒரே உறையில் வைத்து, பதினெட்டாம் தேதி மேலாளரின் மேஜையில் வைத்தேன். அவர் பிரித்துப் படிக்கும்வரை நின்றேன். "இதை நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" என்றார். பாராட்டினாரா, நொந்துகொண்டாரா, தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி என்னை விசாரித்தார்கள். அதே அதிகாரி, அதே டேப் மெஷின். என்னைப் பதில் சொல்கிறவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கேள்வி காதில் விழாமல் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லி, மெஷினில் நம் பெட்டியைச் சொருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதிகாரி மறுக்கவில்லை.

அண்ணி, அந்த மனிதர் ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்கிறார். ரொம்பத் தாழ்ந்த குரலில். வீட்டில் அந்த டேப்பைக் கேட்டபோதுகூட நான் அதைக் கவனிக்கவில்லை. தாளில் அது இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் அதை அடித்ததே இல்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. கேட்காததைக் கேட்டதா அடிக்கிறோம்னு தெரிஞ்சேதான் அடிச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

இந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை. நான் அடித்த மற்ற விசாரணைகளை எல்லாம் எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். பாதிக்குமேல் டேப்பே இல்லை, அழிந்துவிட்டது. அதில் என்னென்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் "பக்கத்து டிவி கடையில சால்டரிங்குக்கு ஆள் வேணுமாம், நீ கேட்டுப் பாரு" என்றார். கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் எங்களிடம் இருப்பது.

ஓட்டுநரின் வழக்கை மறுபடி எடுத்திருக்கிறார்கள். அலுவலகக் கடிதம் அவருக்குப் போய்ச் சேர நாளாகும் என்பதால் நேற்று நானே சிமெண்டுக் கடைக்குப் போனேன். முதுகில் மூட்டையோடு இருந்தார். இறக்கி வைக்கட்டும் என்று நின்றேன். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். லாரி சத்தம். எனக்குக் கேட்கவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்ட வந்தது. ஆட்டவில்லை.

"எனக்குக் காது கேக்காதுங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

மூன்றாவது தடவை அவர் கத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள், கடைக்காரர், சாலையில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப அன்னைக்கு நான் கண்ணாடி போட்டுத்தான் இருந்தேனா? தாள்ல அப்படி இருக்கேன்னு, நான்தான் மறந்திருப்பேன்னு நினைச்சேன். கால் போனவன் வீட்டுக்குப் போய் என் தப்புதான்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேம்மா!"

கேட்டது அண்ணி. முழுசாகக் கேட்டது.

தம்பி மனைவி